பழைய இரும்புச் சாமானைச் சுரண்டி ஸ்ப்ரே கேன்ல புது பெயிண்ட் அடிக்கிறது எப்படி: முதல் தடவை பண்றவங்களுக்கு

ஒரு பழைய பெஞ்ச் வைஸோ, டேபிள் ஃபேனோ, தராசோ உங்க கைக்கு வந்து சேர்ந்திருக்கு. மேலெல்லாம் பிசுக்கு, துரு, பொருக்கு பொருக்கா உரியிற பெயிண்ட். பார்த்தவுடனே ஒரு கேனை வாங்கிட்டு வந்து அடிச்சுடலாம்னு கை துறுதுறுன்னு இருக்கும். கொஞ்சம் பொறுங்க. கேனைப் பிடிச்சு அடிக்கிற வேலை மொத்தமா கூட்டினா ஒரு மணி நேரம் வந்தா பெருசு, அதுக்கு முன்னாடி இருக்கிற வேலை ரெண்டு மூணு நாள் இழுக்கும், அடிச்சு முடிச்ச பிறகு தொடாம காத்திருக்கிறது இன்னும் ஒரு வாரம். எல்லாரும் கத்துக்கணும்னு கேக்கிறது அந்த நடு ஒரு மணி நேரத்தைத்தான். ஆனா ஆறு மாசத்துல பெயிண்ட் பெயர்ந்து வர்ற எந்தச் சாமானை எடுத்துப் பார்த்தாலும் தப்பு முன்னாடியோ பின்னாடியோதான் நடந்திருக்கும், அதனால நானும் அங்கதான் அதிகமா பேசப் போறேன்.

கம்ப்ரஸரும் கன்னும் இல்லாம நல்ல ஃபினிஷ் வராதுன்னு யாராவது சொன்னா நம்ப வேணாம். 1949-ல அமெரிக்காவுல எட்வர்ட் சீமோர்ங்கிறவர் முதல் ஸ்ப்ரே கேன் பெயிண்ட்டைக் கொண்டு வந்தப்போ, அது ரூமைச் சூடாக்குற ரேடியேட்டருக்கு அடிக்கிறதுக்கான அலுமினியம் கலர். அதாவது ஸ்ப்ரே கேன் பொறந்ததே உலோகத்துக்காகத்தான். கையில தூக்கி வைக்கிற சைஸ் சாமானுக்கு கேன் தாராளமா போதும். லேத் மெஷின் மாதிரி பெருசுன்னா கேன் கட்டுப்படியாகாது, அதுக்கு நல்ல எனாமலும் பிரஷ்ஷும் எடுத்துக்கோங்க.

உரிக்கணுமா வேணாமான்னு முதல்ல முடிவு பண்ணுங்க

இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா உரிச்சதைத் திரும்ப ஒட்ட முடியாது. பழைய தையல் மெஷின் மேல ஆழமான ஒரு கறுப்பு இருக்கும் பாருங்க, மேல தங்கக் கலர்ல பூ வேலை இருக்கும். அது சாதாரண பெயிண்ட் கிடையாது, ஜப்பானிங்னு சொல்வாங்க, தார் மாதிரியான பொருளை எண்ணெயில கரைச்சுப் பூசி அடுப்புல சுட்டு எடுக்கிறது. பூ வேலைக்கு மேல பல மெஷின்ல ஷெல்லாக் பூசியிருப்பாங்க, ஷெல்லாக் ஸ்பிரிட்ல கரையும், அழுக்கு போகட்டும்னு ஸ்பிரிட் துணியால ரெண்டு தேய் தேய்ச்சா பூவும் சேர்ந்து துணியோட வந்துடும். அந்த மாதிரி மெஷினுக்குத் தையல் மெஷின் ஆயில், மெத்துனு ஒரு பருத்தித் துணி, பொறுமை, இது மூணு போதும். அங்கங்க உதிர்ந்திருந்தாலும் அந்தப் பழைய தோல்தான் அதோட அழகு, விலையும் அதுலதான் இருக்கு. ஒரிஜினல் பெயிண்ட் முக்கால்வாசி நல்லா இருக்கிற எதையும் உரிக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன்.

அடுத்தது, உரிக்கிறதுன்னு முடிவு பண்ணினாலும் முழுசா வெறும் இரும்பு வரைக்கும் போகணுமான்னு பாருங்க. கத்தியால குறுக்கும் நெடுக்குமா சின்னச் சின்னக் கட்டமா கீறி, மேல நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்குன்னு இழுங்க. கட்டம் கட்டமா டேப்போட வந்தா அந்தப் பெயிண்ட்டை நம்பி மேல எதுவும் அடிக்க முடியாது, உரிச்சே ஆகணும். ஒண்ணும் வரலைன்னா உரிஞ்ச இடத்தை மட்டும் சுரண்டி, ஓரத்தை உப்புத்தாள்ல தேய்ச்சு விரல் தடவினா படி தெரியாத மாதிரி சரிவாக்கிட்டு, முழுசா சொரசொரப்பாக்கி பிரைமர் (கலருக்கு அடியில போடுற முதல் பூச்சு) அடிச்சாலே போதும்.

வார்ப்பிரும்பு மெஷின்ல இப்படி விடுறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. பழைய மெஷின் பாடி அவ்வளவு வழவழன்னு இருக்கே, அது வார்ப்புல வந்த வழவழப்புன்னு நினைப்போம். இல்ல. மணல் அச்சுல ஊத்தின வார்ப்பு ஆரஞ்சுத் தோலைவிட மோசமா இருக்கும், ஃபேக்டரியில அது மேல கெட்டியா பட்டி பூசித் தேய்ச்சுதான் பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. நீங்க ரிமூவர் போட்டு உரிச்சா பட்டியும் சேர்ந்து களி மாதிரி வந்துடும், அப்புறம் குண்டும் குழியுமா ஒரு இரும்பு உங்களைப் பார்க்கும், அதை மறுபடி பட்டி பார்த்துத் தேய்க்கிறது ரெண்டு நாள் வேலை.

கழட்டுறது

ஒவ்வொரு படியிலயும் ஃபோட்டோ எடுங்க, மூணு பக்கத்துல இருந்து எடுங்க. அட்டை ஒண்ணுல சாமானோட படத்தைக் கோணல்மாணலா வரைஞ்சு எந்த ஸ்க்ரூ எந்த இடத்துல இருந்துச்சோ அந்த இடத்துல குத்தி வைங்க, மூணு வாரம் கழிச்சு அசெம்பிள் பண்ணும்போது இந்த அட்டைதான் சாமி. பழைய ஸ்க்ரூவோட வெட்டு ஒல்லியா, ஆழமா இருக்கும், அதுக்குச் சரியாப் பொருந்துற ஸ்க்ரூ டிரைவர் இல்லாம கை வைக்காதீங்க. வரலைன்னா துரு இளக்குற ஆயிலை விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்க, மறுநாள் முதல்ல ஒரு இம்மி டைட் பண்ணிப் பார்த்துட்டு அப்புறம் லூஸ் பண்ணுங்க, அந்த ஒரு இம்மி அசைவுல துரு நெகிழும்.

பேர்த் தகட்டைக் கழட்டும்போது ரொம்ப நிதானம் வேணும். நிறைய மெஷின்ல அது மரை இல்லாத குட்டி ஆணியால அடிச்சிருக்கும், பின்பக்கம் ஓட்டை தெரிஞ்சா அங்கிருந்து தட்டி எடுக்கலாம், தெரியலைன்னா நெம்பாதீங்க, தகடு வளைஞ்சா பழைய நிலைக்கு வரவே வராது. அப்படியே விட்டுட்டு மேல டேப் ஒட்டி ஓரத்தை பிளேடால அறுத்துவிட்டா போதும்.

கழட்ட வந்துச்சுன்னா தகட்டுக்கு அடியில பாருங்க. நான் ஒவ்வொரு தடவையும் இந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருப்பேன். மேல பூரா சாம்பலா, மஞ்சளா வெளிறிப் போய்க் கிடக்கும், தகட்டை எடுத்தா அடியில தீப்பெட்டி அகலத்துக்கு வெயிலே படாத, எண்ணெயே படாத ஒரு பச்சையோ நீலமோ அப்படியே ஈரமா இருக்கிற மாதிரி இருக்கும். அதுதான் அந்த மெஷினோட நிஜக் கலர். பகல் வெளிச்சத்துல அதுக்குப் பக்கத்துல கலர் கார்டை வைச்சு ஒப்பிடுங்க. ஜெர்மனியில 1927-ல 40 கலரோட தொடங்கின ரால் நம்பர் முறையை இன்னிக்கும் ஸ்ப்ரே கேன்ல போடுறாங்க, பழைய மெஷின் பச்சைக்கு 6011-ல இருந்து தேட ஆரம்பிச்சா பல தடவை கிட்டத்துல வந்துடும். எதுவும் பொருந்தலைன்னா அந்தத் துண்டையே கலர் மிக்ஸ் பண்ற கடைக்கு எடுத்துட்டுப் போங்க, கேன்லயே நிரப்பித் தர்ற கடைங்க இருக்கு.

கரண்ட்டுல ஓடுற சாமானா இருந்தா மோட்டாரையும் வயரையும் முழுசா வெளியே எடுத்துடுங்க, சுருளுக்குப் பக்கத்துல எந்த ரசாயனமும் போகக் கூடாது. எர்த் வயர் பாடியில எங்க தொடுதுன்னு குறிச்சு வைங்க, அந்த இடத்துல கடைசியில பெயிண்ட் இருக்கக் கூடாது, பெயிண்ட் மேல எர்த் வயரை முடுக்கினா எர்த் இல்லாத மாதிரிதான்.

ஈயம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடாதீங்க. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அமெரிக்காவுலயே 1978-லதான் வீட்டு உபயோக பெயிண்ட்ல அதைத் தடை பண்ணினாங்க, மெஷினுக்கும் இரும்புக்கும் அடிக்கிற பெயிண்ட்ல அதுக்கப்புறமும் ஓடிச்சு. கண்ணால பார்த்து இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாது. பழசுன்னா இருக்குன்னே வைச்சுக்கிட்டு வேலை பாருங்க. காய்ஞ்ச நிலையில தேய்க்கக் கூடாது, கிரைண்டர்ல வயர் வீல் மாட்டி பறக்கவிடக் கூடாது, தண்ணி தொட்டுத் தொட்டுத்தான் சுரண்டணும். ஹீட் கன்னை ஃபுல்லா வைச்சுப் பொசுக்காதீங்க, சுமார் 590 டிகிரி செல்சியஸைத் தாண்டினா ஈயம் ஆவியாவே வரும். பி100 ஃபில்டர் போட்ட மாஸ்க், கையுறை, அடியில ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, சுரண்டினதை அதுலயே சுருட்டிக் கட்டி அபாயக் கழிவு வாங்குற இடத்துல குடுக்கிறது, வேலைத் துணியைத் தனியா துவைக்கிறது. குழந்தைங்க, கர்ப்பமா இருக்கிறவங்க அந்தப் பக்கமே வரக் கூடாது.

உரிக்கிறது

சுரண்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கழுவுங்க. பிசுக்கு இருக்கும்போது உப்புத்தாள் போட்டா எண்ணெயை இரும்புக்குள்ள தேய்ச்சு ஏத்துற மாதிரி ஆயிடும், வார்ப்பிரும்புக்கு நுண்ணுன்னு துளை இருக்கு, அதுக்குள்ள போன எண்ணெய் பிரைமர் அடிக்கிற அன்னிக்குத்தான் வெளியே எட்டிப் பார்க்கும். கெட்டிப் பிசுக்கை மண்ணெண்ணெய்ல இளக்கி, பாத்திரம் தேய்க்கிற சோப்பும் சுடுதண்ணியும் போட்டு ரெண்டு தடவை.

பெயிண்ட் ரிமூவர்தான் புதுசா பண்றவங்களுக்குச் சுலபம். டப்பாவுல என்ன ரசாயனம்னு படிங்க. மெத்திலீன் குளோரைடுன்னு இருந்தா வாங்காதீங்க, அந்த ஆவி உடம்புக்குள்ள போய் கார்பன் மோனாக்சைடா மாறும், மூடின ரூம்ல அதை வைச்சு வேலை பார்த்தவங்க செத்தே போயிருக்காங்க, அமெரிக்காவுல 2019-ல பொதுமக்கள் வாங்குற ரிமூவர்ல அது இருக்கக் கூடாதுன்னே நிறுத்திட்டாங்க. பென்சைல் ஆல்கஹால் வகை ரிமூவர் மெதுவா வேலை செய்யும், ஆனா செய்யும். கெட்டியா ஒரே பக்கமா பூசுங்க, பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுக்காதீங்க, பூசினதும் பிளாஸ்டிக் பேப்பரைப் போட்டு மூடிடுங்க, காயாம இருக்கிற வரைக்கும்தான் அது தின்னும். சில மணி நேரம் கழிச்சு எடுத்தா பெயிண்ட் சுருங்கி அப்பளம் மாதிரி எழும்பியிருக்கும், பிளாஸ்டிக் ஸ்கிராப்பரால தள்ளினா சுருள் சுருளா வரும். மூலை முடுக்குக்குப் பழைய டூத் பிரஷ். முடிஞ்சதும் ரிமூவர் டப்பாவுல சொன்ன மாதிரி முழுசா கழுவுங்க, மிச்சம் ஒரு துளி இருந்தாலும் அது புது பெயிண்ட்டையும் தின்னும்.

காஸ்டிக் சோடா கரைசல்ல ஊறப் போடுறது மலிவு, நல்லாவும் உரிக்கும், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு காந்தத்தை எடுத்து ஒவ்வொரு துண்டுலயும் வைச்சுப் பாருங்க. நான் ஆரம்பத்துல ஒரு பழைய ஃபேனோட அடித்தட்டை இரும்புன்னு நினைச்சு காஸ்டிக் வாளியில போட்டேன். தட்டு மேல கறுப்பு பெயிண்ட் கெட்டியா இருந்துச்சு, கனமும் நல்ல கனம், சந்தேகமே வரலை. ரெண்டு நிமிஷத்துல அடியில இருந்து குமிழ் குமிழா எழும்ப ஆரம்பிச்சது, பெயிண்ட் கரையுதுன்னு சந்தோஷப்பட்டேன், அஞ்சாவது நிமிஷம் வாளியைத் தொட்டா சுடுது, நுரை சாம்பலா பொங்குது. இடுக்கியால தூக்கிப் பார்த்தா ஸ்க்ரூ ஓட்டையோட விளிம்பெல்லாம் எலி கடிச்ச மாதிரி. அது அலுமினிய வார்ப்பு. காஸ்டிக் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் தின்னும், தின்னும்போது ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்துல நெருப்பு இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிக்கவே பிடிக்கலை. காந்தம் ஒட்டலைன்னா காஸ்டிக் கிடையாது, அவ்வளவுதான். ஒட்டினாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நீளக் கையுறை கட்டாயம், தூளைத்தான் தண்ணியில போடணும், தூள் மேல தண்ணியை ஊத்தக் கூடாது.

துரு

லேசான துருவுக்கு வயர் பிரஷ்ஷும் 120 நம்பர் உப்புத்தாளும் போதும். ஆழமா இருந்தா லிட்டர் தண்ணிக்கு 50-ல இருந்து 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு ஊற வைங்க, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துத் தேய்ச்சுப் பாருங்க, மறந்து ரெண்டு நாள் விட்டீங்கன்னா இரும்பையும் அரிக்கும். ஸ்பிரிங்கை ஆசிட்ல போடாதீங்க, ஹைட்ரஜன் உள்ளே ஏறி வெடுக்குன்னு உடையிற மாதிரி ஆயிடும்.

எனக்குப் பிடிச்சது எலக்ட்ராலிசிஸ். பிளாஸ்டிக் தொட்டியில தண்ணி, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வாஷிங் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். கறுப்பு கிளிப், அதாவது நெகட்டிவ், உங்க சாமானுக்கு. சிவப்பு ஒரு வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடக் கூடாது. துரு மட்டும்தான் போகும், நல்ல இரும்பு அப்படியே இருக்கும், அதனால மறந்துட்டாலும் பயமில்ல. ரெண்டு விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க: சோடாவுக்குப் பதிலா சாப்பாட்டு உப்பு போட்டா குளோரின் வாயு வரும், சிவப்புப் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாட்டினா தண்ணியில விஷக் குரோமியம் கலக்கும். வெட்டவெளியில வைச்சுப் பண்ணுங்க, இங்கயும் ஹைட்ரஜன் வரும். இதுவும் இரும்புக்கும் வார்ப்பிரும்புக்கும் மட்டும்தான்.

ஆசிட்ல இருந்து எடுத்தா சமையல் சோடா கரைச்ச தண்ணியில ஒரு முக்கு முக்கிக் கழுவி உடனே துடைச்சு ஹேர் டிரையர்ல காய வைங்க. ஈரமா விட்டுட்டு டீ குடிக்கப் போனா திரும்பி வர்றதுக்குள்ள இளம் ஆரஞ்சுல ஒரு துரு படர்ந்திருக்கும். அதனால பிரைமர் அடிக்கிறதுக்கு நேரம் இருக்கிற அன்னிக்குத்தான் இரும்பை வெறுமையாக்கணும், நைட் பத்து மணிக்கு உரிச்சு முடிச்சுட்டு நாளைக்குப் பார்த்துக்கலாம்னா நாளைக்கு மறுபடி முதல்ல இருந்துதான். குழிக்குள்ள இருந்து போகாம துரு கொஞ்சம் மிஞ்சினா பாஸ்பாரிக் ஆசிட் உள்ள ரஸ்ட் கன்வர்ட்டர் தடவலாம், ஆனா உதிர்ற துரு மேல தடவிப் பிரயோஜனமில்ல.

பட்டி, பிரைமர்

குழி இருந்தா கார் வேலைக்குப் போடுற ரெண்டு பாகப் பட்டி நல்லது. 80 நம்பர்ல கீறின வெறும் இரும்பு மேலயே போடுங்க. எட்ச் பிரைமர் (ஆசிட் கலந்த, உலோகத்தைக் கவ்விப் பிடிக்கிற பிரைமர்) அடிச்சுட்டு அது மேல போடாதீங்க, அதுல இருக்கிற ஆசிட் பட்டியைச் சரியா இறுகவிடாது. ஒரேயடியா அப்பாம மெல்லிசா ரெண்டு மூணு தடவை, 120, 180, 320-ன்னு தேய்ச்சுக்கிட்டே வாங்க. கண்ணை நம்பாதீங்க, கண்ணை மூடிட்டு விரல் நுனியால தடவுங்க.

இரும்புக்குத் துரு தடுக்குற பிரைமர், ஜிங்க் பாஸ்பேட் வகை கிடைச்சா நல்லது. அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர். ஜிங்க் முலாம் போட்ட தகடு மேல சாதாரண எனாமலை நேரா அடிக்கவே கூடாது, துத்தநாகத்தோட சேர்ந்து அடியில சோப்பு மாதிரி ஒரு படலமாகி கொஞ்ச மாசத்துல தகடு தகடா கழண்டுடும், அதுக்குன்னு இருக்கிற பிரைமரைப் பார்த்து வாங்குங்க. பிரைமர், கலர், கிளியர் (கலருக்கு மேல அடிக்கிற நிறமில்லாத கோட்) மூணும் ஒரே கம்பெனியோட ஒரே வகையா இருந்தா தலைவலி பாதி குறையும்.

அடிக்கிறதுக்கு முன்னாடி பெயிண்ட் படக் கூடாத இடமெல்லாம் மூடுங்க. வைஸோட தாடை சறுக்குற பரப்பு, பேரிங், மரை, ஆயில் விடுற ஓட்டை. மரை ஓட்டையில வேண்டாத போல்ட் ஒண்ணை நாலு சுத்து சுத்தி விட்டா போதும், காதுல வைக்கிற ஃபோம் அடைப்பானும் ஓட்டைக்கு அளவா இருக்கும். டேப்போட ஓரத்தை நகத்தால அழுத்தி ஒட்டுங்க.

அப்புறம் கையுறையைப் போட்டுக்கோங்க, இதுக்கு மேல வெறும் விரல் படக் கூடாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு துணியில, காய்ஞ்ச துணி இன்னொரு கையில, துடைச்ச ஈரம் காயறதுக்குள்ள ரெண்டாவது துணியால எடுக்கணும், இல்லைன்னா கரைஞ்ச எண்ணெய் மறுபடி அங்கேயே உக்காரும். வெள்ளைத் துணியில அழுக்கு வராத வரைக்கும் துணியை மாத்தி மாத்தித் துடைங்க.

அடிக்கிறது

காத்து அடிக்காத, தூசி கிளம்பாத, ஆனா காத்தோட்டம் உள்ள இடம். கேன்ல இருக்கிற வாயு தீப்பிடிக்கிற வாயு, அடுப்பு, ஹீட்டர், பொறி விடுற மோட்டார் எதுவும் பக்கத்துல வேணாம். தூசிக்குப் போடுற என்95 மாஸ்க் பெயிண்ட் ஆவியை நிறுத்தாது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க்தான் வேணும். டூ-கே (2K) அப்படின்னு பேர் போட்டு வர்ற, அடியில பட்டனை அமுக்கி ஹார்டனர் கலக்குற கேனை முதல் தடவையே எடுக்காதீங்க, அதுல ஐசோசயனேட் இருக்கு, மூச்சுக்குழாய்க்கு ரொம்ப ஆபத்து.

சுமார் 20-ல இருந்து 28 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழ, இது நல்ல நாள். மழைக்கால ஈரத்துல அடிச்சா பளபளப்பு பால் ஊத்தின மாதிரி வெளுத்துடும். குளிர்ல கேன் ஜில்லுன்னு இருந்தா வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் நிக்க வைங்க, சுடுதண்ணி கூடவே கூடாது, 50 டிகிரிக்கு மேல போனா கேன் வெடிக்கலாம்.

குலுக்குறதுல கஞ்சத்தனம் வேணாம். உள்ளே இருக்கிற குண்டு கடகடன்னு சத்தம் போட ஆரம்பிச்ச பிறகு இன்னும் முழுசா ஒரு ரெண்டு நிமிஷம், நடு நடுவுலயும் குலுக்கணும். சாமானை ஒரு கம்பியில தொங்கவிடுங்க, இல்லைன்னா சுத்துற மாதிரி ஒரு பலகை மேல வைங்க. முதல்ல ஒரு அட்டையில அடிச்சுப் பாருங்க. தூரம் 25-ல இருந்து 30 சென்டிமீட்டர். சாமானுக்கு வெளியே பட்டனை அமுக்கி, அதே வேகத்துல தாண்டிப் போய், அந்தப் பக்கம் வெளியே விடணும், சாமான் மேல வைச்சு அமுக்கவும் விடவும் கூடாது, அங்கதான் சொட்டு விழும். மணிக்கட்டை விசிறி மாதிரி ஆட்டாதீங்க, முழுக் கையையும் நேர்கோட்டுல நகர்த்துங்க. முன்னாடி போன பட்டையில பாதி மேல அடுத்த பட்டை விழணும். மூலை, உள்பக்கம், அடிப்பக்கம் இதையெல்லாம் முதல்ல முடிச்சுட்டு பெரிய பரப்பைக் கடைசியா வைங்க.

முதல் கோட் மூடவே கூடாது. அடியில இருக்கிறது பாதி தெரியணும், பனி படிஞ்ச மாதிரி. இதுதான் அடுத்த கோட்டுக்குப் பிடிமானம். பத்துப் பதினைஞ்சு நிமிஷம் கழிச்சு ரெண்டாவது, அதுலயும் முழுசா மூடலைன்னா பரவாயில்ல. மூணாவதுலதான் கொஞ்சம் ஈரமா, வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா கண்ணாடி மாதிரி மின்னுற அளவுக்கு. அந்த மின்னலைத் தாண்டி இன்னொரு தடவை போனீங்கன்னா வழிஞ்சுடும், அந்த எல்லை எங்க இருக்குன்னு அட்டையில அடிச்சு அடிச்சுத்தான் கை கத்துக்கும்.

பிரைமரை இப்படி ரெண்டு மூணு கோட் அடிச்சுக் காய்ஞ்சதும் 400 நம்பர்ல லேசா தேய்ங்க. பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், தண்ணி தொட்டுத் தேய்ச்சா நல்லா காய விட்டுட்டுத்தான் கலர் அடிக்கணும். இரும்பு தெரிஞ்சுட்ட இடத்துல மறுபடி பிரைமர்.

இப்போ நிறைய பேர் விழுற குழி ஒண்ணு. கேன் மேல பொடி எழுத்துல போட்டிருக்கும்: ஒரு மணி நேரத்துக்குள்ள அடுத்த கோட் அடிங்க, இல்லைன்னா 24 மணி நேரம் கழிச்சு அடிங்கன்னு, சில கேன்ல 48 மணி நேரம்னு இருக்கும். அது சும்மா போட்டது இல்ல. எனாமல் மேலாப்புல தோல் கட்டி உள்ளே இன்னும் பச்சையா இருக்கும்போது அடுத்த கோட்டோட தின்னர் இறங்கினா தோல் ஊறி உப்பி, காய்ச்சின பால் மேல ஆடை சுருங்குற மாதிரி கண் முன்னாடியே சுருங்கும். பழைய எனாமல் மேல லேக்கர் (காரமான தின்னர் உள்ள, சீக்கிரம் காயற பெயிண்ட்) அடிச்சாலும் இதே கதை. சாயங்காலம் முதல் கோட், ராத்திரி சாப்பிட்டுட்டு ரெண்டாவது கோட்னு போனவங்கதான் இதுல மாட்டுறது. ஒரு மணி நேரத்துக்குள்ள முடிக்க முடியாதுன்னு தெரிஞ்சா அன்னிக்கு ஆரம்பிக்காதீங்க.

வழிஞ்சா துடைக்காதீங்க, விரல் வைக்காதீங்க. ரெண்டு நாள் விட்டு, கெட்டியானதும் 400-ஐ ஒரு கட்டையில சுத்தி அந்த மேட்டை மட்டும் தேய்ச்சு இறக்கிட்டு மேல ஒரு கோட். சின்னச் சின்ன வட்டமா பெயிண்ட் விலகி பள்ளம் விழுந்தா அது மீன்கண், அடியில எண்ணெயோ சிலிக்கானோ இருக்கு, மேல மேல அடிச்சா போகாது, காய வைச்சு தேய்ச்சு மறுபடி துடைக்கிறதுல இருந்து ஆரம்பிக்கணும். மணல் தூவின மாதிரி சொரசொரன்னு வந்தா தூரம் அதிகம், ஆரஞ்சுத் தோல் மாதிரி வந்தா பெரும்பாலும் கேன் குளிர்ச்சியா இருந்திருக்கும், இல்லைன்னா பெயிண்ட் பரவி உக்கார்றதுக்குள்ள காய்ஞ்சிருக்கும். கிளியர் அடிச்சு நல்லா இறுகின பிறகு 1500, 2000 நம்பர்ல தண்ணி போட்டுத் தேய்ச்சு பாலிஷ் போட்டா இந்த ரெண்டும் சரியாகும்.

பழைய மெஷினுக்கு ஹேமர்ட்டோன் கேன் கிடைக்கும், சுத்தியால தட்டின மாதிரி புள்ளி புள்ளியா வரும், வார்ப்போட மேடு பள்ளத்தை நல்லா மறைக்கும், பட்டி வேலை வேணாம்னு நினைக்கிறவங்களுக்கு அது நல்ல வழி. ஆனா மத்த பெயிண்ட் மாதிரி மெல்லிசா அடிச்சா புள்ளி வராது, கொஞ்சம் கனமா விழணும், அதனால படுக்கை வாட்டுல வைச்சு ஒவ்வொரு பக்கமா அடிங்க. பழைய டைப்ரைட்டர், கேமரா மேல இருக்கிற சுருக்கம் சுருக்கமான ஃபினிஷ் வேற கேன், ரிங்கிள் பெயிண்ட். மேல சொன்ன எல்லா விதிக்கும் நேர் எதிர்: மூணு கனமான கோட், ஒண்ணு நெடுக்க, ஒண்ணு குறுக்க, ஒண்ணு சாய்வா, நடுவுல அஞ்சு நிமிஷம்தான், அப்புறம் ஹீட் கன்னைத் தூரத்துல பிடிச்சு இதமா சூடு காட்டினா சுருக்கம் சீரா விழும்.

காத்திருக்கிறது

டேப்பை முழுசா காயறதுக்கு முன்னாடியே, கடைசிக் கோட் அடிச்ச அரை மணி ஒரு மணிக்குள்ள, டேப்பைப் பின்னாடி மடக்கி மெதுவா இழுத்து எடுத்துடுங்க, கல்லாகிட்ட பிறகு எடுத்தா ஓரம் பிஞ்சு வரும். எடுத்துட்டு நகர்ந்து போயிடுங்க. தொட்டா ஒட்டலைங்கிறதும் இறுகிடுச்சுங்கிறதும் வேற வேற. எனாமல் முழுசா இறுக ஒரு வாரம், குளிர் இடத்துல ரெண்டு மூணு வாரம்கூட ஆகும். நகத்தால ஒளிவான ஒரு இடத்துல அழுத்திப் பாருங்க, பள்ளம் விழுந்தா இன்னும் நாள் இருக்கு. மூக்கை வைச்சுப் பாருங்க, தின்னர் வாசனை வந்தாலும் அதே. அவசரமா ஸ்க்ரூவை முடுக்கினா வாஷருக்கு அடியில பெயிண்ட் சுழண்டு சுருங்கி வந்துடும், அத்தனை நாள் உழைப்பும் அந்த ஒரு ஸ்க்ரூ ஓரத்துல நாசமாகிப் போகும்.

காயற நாள்ல சும்மா இருக்க வேணாம். ஸ்க்ரூ, நட்டு எல்லாத்தையும் வயர் பிரஷ்ல தேய்ச்சு ஆயில் துணியில துடைச்சு வைங்க, சறுக்குற பரப்பைப் பளிச்சுன்னு எடுத்து கிரீஸ் தடவுங்க. எழுத்து மேடா இருக்கிற வார்ப்புன்னா ஒரு தட்டைக் கட்டையில எனாமலைத் தடவி மெதுவா ஒத்தி எடுங்க, மேட்டுல மட்டும் கலர் பிடிக்கும். எழுத்து பள்ளமா இருந்தா நிறைய பூசிட்டு, தின்னர் லேசா நனைச்ச துணியை ஒரு தட்டைக் கட்டையில இறுக்கிச் சுத்தி மேலாக்க இழுங்க, பள்ளத்துல இருக்கிறது அப்படியே நிக்கும். ஒரு வாரம் இறுகாத பெயிண்ட்ல இதைச் செய்யாதீங்க.

அசெம்பிள் பண்ணும்போது அந்த அட்டையை எடுங்க, ஃபோட்டோவை எடுங்க, ஸ்க்ரூ டிரைவரோட கழுத்துல டேப் சுத்திக்கோங்க, நழுவினா பெயிண்ட்ல கோடு விழாது. எர்த் பாயிண்ட்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரியுதான்னு பாருங்க. தாடைக்கு அடியில, யாரும் பார்க்காத இடத்துல, கலர் நம்பரையும் பிரைமர் வகையையும் தேதியையும் ஒரு சின்னச் சீட்டுல எழுதி ஒட்டிடுங்க, நாலு வருஷம் கழிச்சு ஒரு ஓரம் உதிர்ந்தா எந்தக் கேன்னு தேட வேண்டியதில்ல. மிஞ்சின கேனைத் தலைகீழாப் பிடிச்சு வெறும் வாயு வர்ற வரைக்கும் அமுக்கி நாசிலைச் சுத்தம் பண்ணி வைங்க. பேர்த் தகட்டைக் கடைசியா, பழைய ஓட்டையிலயே, பழைய ஆணியிலயே.